நெல் தாளில் லிக்னின்: சாயம் ஏற்றுவதும் மரபணு பார்ப்பதும்

தை அறுவடைக்கு முன் பெய்யும் மழையில் சம்பா சாய்ந்தால், முதலில் பார்க்க வேண்டியது தாளின் அடிக்கணுவிடை, அதாவது அடியில் இரு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி. தாளுக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் செல்சுவரில் படிந்ததா என்பது ஒரு சோதனை. அதை உருவாக்கும் மரபணுக்கள் உரிய நேரத்தில் இயங்கினவா என்பது வேறு சோதனை. இரண்டுக்கும் ஒரே நாளில் மாதிரி எடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மரபணுக்கள் மும்முரமாக இயங்குவது கணுவிடை நீளும் சமயத்தில், அதாவது தண்டு உருளும் பருவத்தில். சாயத்துக்குக் கதிர் வந்து 20 நாள் ஆன தாள் வேண்டும்.

சாயத்துக்கு: 0.3 கிராம் புளோரோகுளுசினாலை 10 மி.லி. எத்தனாலில் கரையுங்கள். இதில் 2 பங்குக்கு 1 பங்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அன்றன்று கலக்க வேண்டும். தாளை நெட்டித் துண்டின் பிளவில் செருகி, பிளேடால் கண்ணாடிபோல் மெல்லியதாகச் சீவுங்கள். நெல் தாளில் உள்ள சிலிக்கா பிளேடை மழுக்கிவிடும். நாலைந்து சீவலுக்கு ஒருமுறை விளிம்பை மாற்றாவிட்டால் திசு நசுங்கும். இரண்டு சொட்டு விட்டு 3 நிமிடம் பொறுங்கள். மேல்தோலுக்கு அடியில் உள்ள வளையமும் சாற்றுக்குழாய்க் கற்றைகளும் செந்நீலமாகும். நிறம் சீக்கிரம் மங்கும், உடனே படம் எடுங்கள். அமில ஆவி நுண்ணோக்கியின் லென்ஸைக் கெடுக்கும் என்பதால் கவர் ஸ்லிப் இல்லாமல் பார்க்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை: இந்தச் சாயம் பிடிப்பது லிக்னினில் உள்ள ஆல்டிஹைடு முனைகளை. லிக்னின் உருவாகும்போது ஆல்டிஹைடை ஆல்கஹாலாக மாற்றும் சி.ஏ.டி. நொதி குறைந்த செடியில் ஆல்டிஹைடு தேங்குவதால், மொத்த லிக்னின் குறைந்தும் நிறம் கூடலாம். பொன்னிற உமி கொண்ட ஜி.ஹெச்.2 என்ற பிறழ்வு நெல்லில் பழுதானது இந்த நொதிக்கான மரபணுதான். நிறத்தை வைத்து அளவு சொல்லாதீர்கள்.

மரபணுவுக்கு: மற்ற மரபணுக்களை இயக்கும் புரதங்களில் என்.ஏ.சி. வகை எம்.ஒய்.பி. வகையை முடுக்க, அவை லிக்னினை உருவாக்கும் பி.ஏ.எல்., சி.சி.ஆர்., சி.ஏ.டி. போன்ற நொதிகளின் மரபணுக்களை இயக்குகின்றன. நீளும் கணுவிடையில் 100 மில்லிகிராம் வெட்டிய கையோடு திரவ நைட்ரஜனில் போடுங்கள். தாமதித்தால் வெட்டுக்காயமே பி.ஏ.எல். மரபணுவை உசுப்பிவிடும். ஒப்பிடும் மாதிரிகளை எல்லாம் ஒரே மணிக்கு எடுங்கள். இவற்றின் இயக்கம் பொழுதுக்குப் பொழுது மாறும்.

இரண்டு ரகங்களை ஒப்பிடும்போது யூரியா அளவும் ஒன்றாக இருக்கட்டும். கூடுதல் தழைச்சத்தே இந்த மரபணுக்களை அடக்கும். அப்புறம் உரத்தின் பழி ரகத்தின் மேல் விழும்.