பைக் வீல் பேலன்சிங்: மெஷின் காட்டும் பூஜ்ஜியத்தை நம்புவதற்கு முன்

புது டயர் போட்ட மறுநாள் திருச்சிக்குக் கிளம்பினேன். செங்கல்பட்டு தாண்டும் வரை ஒன்றும் தெரியவில்லை. சாலை விரிந்து வேகம் 80-ஐத் தொட்டதும் ஹேண்டிலில் ஒரு நடுக்கம். 90-இல் உள்ளங்கை மரத்துப்போனது. 65-க்கு இறக்கினால் காணோம். முந்தைய நாள்தான் கடையில் பேலன்சிங் செய்து, அதாவது வீலின் கனம் சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் மெஷினில் வீலைச் சுற்றவிட்டு, இரண்டு பக்கமும் பூஜ்ஜியம் காட்டியதை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். அப்புறம் எங்கிருந்து வந்தது இந்த நடுக்கம்?

ஊர் திரும்பியதும் அதே கடைக்குப் போனேன். அங்கே இருந்த மூத்த மெக்கானிக் வீலைக் கழற்றி மெஷினில் மாட்டிச் சுற்றினார். மறுபடியும் பூஜ்ஜியம். அவர் அதோடு விடவில்லை. பக்கத்தில் நின்ற பையனிடம், "தம்பி, வீலை லூஸ் பண்ணி அரைச் சுத்து திருப்பி மாட்டு" என்றார். மெஷினின் ஷாஃப்ட் அப்படியே இருக்க, வீல் மட்டும் 180 டிகிரி திரும்பியது. மறுபடி சுற்றியபோது திரையில் 35 கிராம். அதே வீல், அதே டயர். வீலை மெஷினில் பிடித்துவைக்கும் அடாப்டரைக் கழற்றிப் பார்த்தால், அதில் வீலை மையத்தில் நிறுத்தும் கூம்பான கோனின் உட்பக்கம் ஒரே இடத்தில் மணலும் கிரீஸும் சேர்ந்து காய்ந்து ஒட்டியிருந்தது. அதனால் கோன் மையத்தில் உட்காரவில்லை.

அன்றிலிருந்து இந்த வேலையைப் பக்கத்தில் நின்று கவனிப்பது பழக்கமாகிவிட்டது. நான் பார்த்தவரை தவறுகளில் முக்கால்வாசி, ஸ்டார்ட் பட்டனை அழுத்துவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன.

கொஞ்சம் கணக்கு

வீலின் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக இருக்கும் 20 கிராம் என்பது சின்ன எடைதான். ஆனால் 17 அங்குல வீலில், 100 கி.மீ. வேகத்தில், டயர் நொடிக்குச் சுமார் 15 முறை சுற்றுகிறது. ரிம் ஓரத்தில் இருக்கும் அந்த 20 கிராம், வீலைக் கிட்டத்தட்ட மூன்றரை கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே இழுக்கிறது. அதுவும் ஒரு சுற்றில் மேலே, கீழே, முன்னே, பின்னே என்று எல்லாப் பக்கமும். 50 கி.மீ. வேகத்தில் அதே 20 கிராமின் இழுப்பு ஒரு கிலோகூட இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். நகருக்குள் தெரியாத நடுக்கம் ஹைவேயில் தெரிவதற்கு இதுதான் காரணம்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 100 சிசி வண்டியில் தினமும் 45, 50 வேகத்தில் வேலைக்குப் போய் வருகிறவருக்கு, சில கிராம் வித்தியாசம் தொல்லை தராது. அவரிடம் கட்டாயப்படுத்தி பேலன்சிங் செய்யச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நெடுஞ்சாலையில் 80-க்கு மேல் தொடர்ந்து ஓட்டுகிறவர்கள் புது டயர் போடும்போதெல்லாம் செய்தே ஆகவேண்டும்.

நடுக்கம் எல்லாம் வீலிலிருந்து வருவதில்லை

பேலன்சிங்குக்குப் போகும் முன் ஒரு சின்னச் சோதனை. காலியான நேரான சாலையில், நடுக்கம் வரும் வேகத்துக்குக் கொஞ்சம் மேலே போய், கிளட்சைப் பிடித்து வண்டியை உருள விடுங்கள். எஞ்சின் ஐடிலுக்கு இறங்கிய பிறகும் நடுக்கம் அப்படியே இருந்தால் வீல் பக்கம் பார்க்கலாம். கிளட்ச் பிடித்ததும் நின்றுவிட்டால் அது எஞ்சின் அதிர்வு. எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் போகாது.

கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) லூஸாக இருந்தாலும், வீல் பேரிங் தேய்ந்திருந்தாலும், பின் வீலைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் புஷ் போயிருந்தாலும் ஹேண்டில் ஆடும். முன் வீலைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்துக் குறுக்காக ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் தெரிந்தாலும் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

அலைன்மென்டையும் பேலன்சிங்கையும் ஒன்றாக நினைப்பவர்களும் உண்டு. பின் வீல் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்பதைச் செயின் அட்ஜஸ்டரின் இரு பக்கக் கோடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது அலைன்மென்ட். அது வேறு வேலை.

மாட்டும்போது நடப்பவை

டயர் கடைகளில் இருக்கும் மெஷின் பெரும்பாலும் காருக்கானது. கார் வீலின் நடுவில் பெரிய ஓட்டை உண்டு. அதில் கோனை வைத்து நட்டை முறுக்கினால் வேலை முடிந்தது. பைக் வீலில் அப்படி எதுவும் கிடையாது. நடுவில் இரண்டு பேரிங்குகளும் அவற்றின் வழியே ஆக்சில் போகும் சின்ன வழியும்தான். அதற்கென்று தனி அடாப்டர் வேண்டும். மெல்லிய ஷாஃப்ட், இரு பக்கமும் சின்ன கோன்கள், ஷாஃப்ட் சுற்றும்போது வீலையும் சேர்த்துத் தள்ள ஒரு கை. "கார் கோனிலேயே பார்த்துக்கலாம்ணே" என்று யாராவது சொன்னால், வீலை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அடாப்டர் இருந்தும் தவறு நடக்கும். டயர், டிஸ்க் எல்லாம் சேர்த்து வீல் 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் நகர்ந்து உட்கார்ந்தால்கூட மெஷின் இல்லாத 19 கிராமை இருப்பதாகக் காட்டும். அந்தக் கணக்குப்படி ரிம்மில் வெயிட் (கனத்தைச் சமன்செய்யும் சின்ன எடைத் துண்டு) ஒட்டி, பூஜ்ஜியம் வந்துவிட்டது என்று நிறுத்தினால், நல்ல வீலை நாமே கெடுத்துவிட்டோம் என்று அர்த்தம். அரைச் சுற்று திருப்பி மாட்டினால் அந்தப் பிழை இரண்டு மடங்காகி 38 கிராமாகத் தெரியும். என் வீலில் 35 காட்டியது இப்படித்தான். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். எந்தக் கடையிலும் கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம்.

கோன் பேரிங்கின் உள்வளையத்தில் உட்காரவேண்டும். ஆயில் சீலின் ரப்பர் உதட்டில் உட்கார்ந்தால் ஒவ்வொரு முறை முறுக்கும்போதும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். தேய்ந்த பேரிங்கோடு பேலன்ஸ் செய்வதும் இதே வகைதான். வீலைத் தள்ளும் கை, ஸ்போக்கையோ அலாயின் கிளையையோ இடைவெளி இல்லாமல் தொட்டிருக்கவேண்டும். இடைவெளி இருந்தால் சுற்றும்போது வீல் கொஞ்சம் வழுக்கும். எத்தனை கிராம் என்பது சரியாக வரும், எந்த இடம் என்பது தப்பாகிவிடும்.

பிரேக் டிஸ்கைக் கழற்றாமல் வீலோடு வைத்தே பேலன்ஸ் செய்யவேண்டும், அது வீலோடு சுற்றும் பொருள். பின் வீலில் செயின் ஸ்ப்ராக்கெட் உட்காரும் தட்டு ரப்பர் கட்டைகளின் மேல் தளர்வாக இருக்கும். நான் அதை எடுத்துவிட்டே சுற்றச் சொல்வேன்.

வீலுக்குள்ளும் வீல் மேலும் இருப்பவை

பஞ்சர் ஆகாமல் இருக்க டியூப்லெஸ் டயருக்குள் லிக்விட் ஊற்றுகிறார்களே, அது பேலன்சிங்குக்குப் பெரிய எதிரி. வண்டி நின்றால் அது கீழே தேங்கும். மெஷினில் ஒரு தடவை சுற்றினால் 25 கிராம், அடுத்த தடவை 10, அடுத்தது வேறோர் இடத்தில் 30. இப்படி எண் ஓரிடத்தில் நிற்காமல் மாறிக்கொண்டே இருந்தால் மெஷினைக் குறை சொல்லாமல், உள்ளே லிக்விட் இருக்கிறதா என்று கேளுங்கள். டயரைக் கழற்றித் துடைத்துச் சுத்தம் செய்தால்தான் மேலே ஏதாவது செய்யமுடியும்.

டயர் பள்ளத்தில் சிக்கிய கல், ரிம்மின் உட்பக்கம் காய்ந்த சேறு, முந்தைய டயருக்கு ஒட்டிய பழைய வெயிட் எல்லாவற்றையும் முதலில் எடுக்கவேண்டும். பழையதை எடுக்காமல் அதன்மேல் புதியதை ஒட்டி, ஒரே ரிம்மில் நான்கு இடங்களில் வெயிட் தொங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதும் முக்கியம். டயரின் பக்கச் சுவரில், ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு வட்டமாக ஓடும். ரிம்முக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்கவேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்தால் டயர் அங்கே சரியாக ஏறவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி ஏற்றவேண்டும். ஓட்டும்போது வைக்கும் அளவுக்குக் காற்றை அடைத்த பிறகே மெஷினில் மாட்டவேண்டும்.

பள்ளத்தில் விழுந்து வளைந்த ரிம்மை வெயிட் ஒட்டிச் சரிசெய்ய முடியாது. கனம் சமமாகிவிடும், வட்டம் சரியாகாது. பல தயாரிப்பாளர்களின் சர்வீஸ் கையேட்டில் ரிம் ஆட்டத்துக்கு 2 மி.மீ. எல்லை வைத்திருக்கிறார்கள். மெஷினில் வீல் மெதுவாகச் சுற்றும்போது ரிம் ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை அசையாமல் பிடித்தால் ஆட்டம் கண்ணுக்கே தெரியும். ஸ்போக் வீலாக இருந்தால் முதலில் கோட்டம் எடுத்து, எல்லா ஸ்போக்கும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்து, அப்புறம்தான் பேலன்சிங். வரிசையை மாற்றினால் இரண்டு வேலையும் வீண்.

மெஷினில் கொடுக்கும் அளவுகள்

இங்கேதான் கார் பழக்கம் பைக் வீலைக் கெடுக்கிறது. கார் முறையில் மெஷின் உள்பக்கத்துக்கு ஓர் எண், வெளிப்பக்கத்துக்கு ஓர் எண் என்று இரண்டு காட்டும். கார் ரிம் அகலமானது, அதனால் அது பொருந்தும். பைக்கின் முன் ரிம் ஒடுக்கமானது. வீலில் பக்கவாட்டு ஆட்டம் கொஞ்சம் இருந்தால்கூட அதைச் சமன்செய்ய, நெருக்கமாக இருக்கும் இரண்டு ஓரங்களிலும் மெஷின் பெரிய எடைகளைக் கேட்கும். 150 மி.மீ. இடைவெளியில் 10 கிராம் போதுமென்றால், 50 மி.மீ. இடைவெளியில் 30 கிராம் வேண்டும். அதனால் இடப்பக்கம் 40, அதற்கு நேர் எதிரே வலப்பக்கம் 35 என்று திரை சொல்லும், பையனும் சொன்னபடி ஒட்டிவிடுவான். ஒடுக்கமான வீலுக்கு ஸ்டாட்டிக் முறையை வைத்தால் ஒரே எண்தான் வரும். டாமினார் 400, 390 டியூக் போன்ற வண்டிகளின் 150 அகலப் பின் டயருக்கு வேண்டுமானால் இரண்டு பக்க அளவையும் பார்க்கலாம்.

விட்டத்தைத் தப்பாகக் கொடுப்பதும் நடக்கிறது. முன்னால் 21 அங்குலம் உள்ள ஹிமாலயனை, இதற்கு முன் வந்த வண்டியின் 17 அங்குல அளவிலேயே சுற்றினால், 20 கிராம் வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 25 கேட்கும். ஒவ்வொரு வீலுக்கும் புதிதாக அளக்கவேண்டும்.

பல மெஷின்கள் 5 கிராமுக்குக் கீழே உள்ளதைப் பூஜ்ஜியம் என்றே காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கும். கனமான கார் வீலுக்கு அது போதும். பைக்குக்கு ஒரு கிராம் வரை காட்டும் நுண்ணிய அளவுக்கு மாற்றச் சொல்லுங்கள். மெஷினைக் கடைசியாக எப்போது காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்தீர்கள் என்றும் கேளுங்கள்.

வெயிட் ஒட்டும்போது

மெஷின் 60 கிராமுக்கு மேல் கேட்டால் ஒட்டவே வேண்டாம். காற்றை இறக்கி, டயரை ரிம்மின் மேல் அரைச் சுற்று நகர்த்தி மறுபடி பாருங்கள். டயரின் கனமான பகுதியும் ரிம்மின் கனமான பகுதியும் ஒரே பக்கம் சேர்ந்திருந்தால், எதிரெதிரே போய் எண் சட்டென்று குறையும். பல டயர்களில் மஞ்சள் அல்லது சிவப்புப் புள்ளி ஒன்று இருக்கும். பைக் டயரில் அது பொதுவாக லேசான பகுதியைக் குறிக்கும். வால்வுக்கு நேராக அதை வைத்து மாட்டினால் பாதிக் கஷ்டம் முதலிலேயே குறைந்துவிடும். பஞ்சருக்காக டயரைக் கழற்றும்போது வால்வுக்கு நேரே டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவைத்தால், திரும்ப அதே இடத்தில் மாட்டலாம்.

30 கிராம் ஒட்டவேண்டுமென்றால், ரிம்மின் இடப்பக்கமும் வலப்பக்கமும் 15, 15 என்று ஒன்றுக்கொன்று நேராகப் பிரித்து ஒட்டுங்கள். கடையில் பெட்ரோலில் நனைத்த துணியால் ரிம்மைத் துடைப்பார்கள். பெட்ரோல் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும், அதன்மேல் பசை பிடிக்காது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் நல்லது. பின் ரிம்மில் செயினுக்கு அடிக்கும் லூப்ரிகன்ட் தெறித்திருக்கும், அங்கே இரண்டு தடவை துடைக்கவேண்டும். ஒட்டியபின் கட்டைவிரலால் ஒவ்வொரு துண்டையும் நன்றாக அழுத்துங்கள். அன்றைக்கே பிரஷர் வாஷ் கொடுக்காதீர்கள். ஸ்போக் வீலில், ஸ்போக்கில் பிடிக்கும் தனி வெயிட் உண்டு, அதுதான் நிற்கும்.

ஒட்டிய வெயிட் பிரேக் காலிப்பரில் இடிக்கிறதா என்று, வீலை வண்டியில் மாட்டியபின் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். டயரின் அம்புக்குறி முன்னோக்கிச் சுற்றும் திசையில் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். ஏபிஎஸ் வண்டியானால் சென்சார் வளையம் வளையாமல் இருக்கிறதா என்றும் ஒரு கண்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் இன்னொன்று. வீலைக் கழற்றும்போது பிரேக் பேட்கள் பின்னால் தள்ளப்பட்டிருக்கும். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், கியர் போடுவதற்கு முன், முன் பிரேக் லீவரை அது கையில் கெட்டியாகத் தட்டும்வரை நாலைந்து தடவை அழுத்துங்கள். பின் பக்கமும் டிஸ்க் என்றால் காலாலும். இல்லையென்றால் முதல் அழுத்தத்தில் லீவர் ஹேண்டில் வரை வந்துவிடும், கடை வாசலிலேயே பேருந்து ஓடும் சாலை இருக்கும்.