"டெலீட் பண்ணிட்டேன் சாப்": பட்டாளத்துப் பையன்கள் போனில் செய்யும் தவறுகள்

போன வாரம் பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் கங்காதர செட்டி ரோட்டில் ஒரு தர்ஷினி (நின்றபடி சாப்பிடுகிற ஓட்டல்) வாசலில் பை-டூ காபியோடு நின்றுகொண்டிருந்தோம், நானும் என் அக்கா மகனும். அக்னிவீரனாகச் சேர்ந்து இது ரெண்டாவது வருஷம், லீவில் வந்திருக்கிறான். "மாமா, இதைப் பாருங்களேன்" என்று போனை நீட்டினான். அரை நிமிஷ ரீல். துண்டைத் தலையில் சுற்றி, பனியனுக்குள் தலையணையைத் திணித்து, அவன் கம்பெனி சுபேதார் சாப் ரோல் காலில் பேசுகிற மாதிரியே பேசுகிறான். நன்றாகவே செய்திருந்தான், அதை மறைக்க முடியாது, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கீழே 'லீவு கேட்டா லெக்சர்' என்று ஒரு வரி, சிரிக்கிற மூஞ்சி நாலு.

"எத்தனை பேர் பார்த்தாங்க?" என்றேன். "நம்ம பசங்க மட்டும்தான் மாமா, ஒரு நானூறு பேர்."

நான் 24 வருஷம் ஃபௌஜில், அதாவது ராணுவத்தில், கிளார்க். சார்ஜ் ஷீட் டைப் அடித்துத் தேய்ந்த விரல் இது. எந்த யூனிட் என்பதை விடுங்கள், எல்லா இடத்திலும் பேஷிக்கு, அதாவது அதிகாரி முன் நடக்கிற விசாரணைக்கு, முன்னால் என் மேஜைப் பக்கம் வந்து நிற்கிற பையன் சொல்லும் சமாதானம் ஒன்றேபோலத்தான் இருக்கும். அந்தச் சமாதானங்கள் ஒவ்வொன்றும் ஒரு தவறு. அவற்றைத்தான் எழுதுகிறேன்.

"விளையாட்டுக்குப் போட்டேன்." இதுதான் நம்பர் ஒன். 1950ஆம் வருஷத்து ஆர்மி ஆக்ட் 40வது பிரிவு, மேலதிகாரியிடம் மரியாதை கெட்டுப் பேசுவதைக் குற்றம் என்கிறது, அதற்கு ஐந்து வருஷம் வரை சிறை. அந்தப் பிரிவு சரியாகப் பொருந்தவில்லை என்றால் 63 இருக்கிறது. சட்டத்தில் தனியாகச் சொல்லப்படாத, ஆனால் ராணுவ ஒழுங்கைக் கெடுக்கிற எதுவாக இருந்தாலும் அதில் அடங்கும், ஏழு வருஷம் வரை. ஆபீஸில் நாங்கள் அதை அகப்பை என்போம், எதையும் அள்ளும்.

பயமுறுத்தவில்லை. ஒரு ரீலுக்காக யாரும் சட்டென்று கோர்ட் மார்ஷல் வைத்துவிட மாட்டார்கள். நடப்பது என்னவென்றால் சி.ஓ. (யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர்) முன்னால் பேஷி. பெல்ட்டையும் தொப்பியையும் கழற்றிவிட்டு, லெஃப்ட் ரைட் லெஃப்ட் ரைட் என்று மார்ச் பண்ணி உள்ளே கூட்டிப்போவார்கள், சார்ஜைப் படிப்பார்கள். 80வது பிரிவின்படி சி.ஓ. அங்கேயே 28 நாள் வரை ராணுவக் காவலில் போடலாம், லைனை (பாரக் வளாகத்தை) விட்டு வெளியே போகக்கூடாது என்று நிறுத்தலாம், 14 நாள் சம்பளம் வரை பிடிக்கலாம். 28 நாளைக் கழித்துவிடலாம். கழியாதது காகிதம், அதாவது சர்வீஸ் ரெக்கார்ட். பெரிய தண்டனை அதில் சிவப்பு மையில் ஏறும். நாலு சிவப்பு மை சேர்ந்தால் வீட்டுக்கு அனுப்புகிற பேச்சு ஆரம்பிக்கும். நாலு ஆனதாலேயே கண்ணை மூடிக்கொண்டு அனுப்பக்கூடாது, விசாரித்து, சர்வீஸ் எல்லாம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று 2015இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது, அது ஒரு ஆறுதல். ஆனால் அக்னிவீரனுக்கு அந்த ஆறுதலும் பாதிதான். 2022இல் வந்த திட்டம், நாலே வருஷம், அதன் பிறகு 25 சதவீதம் வரைதான் உள்ளே நிறுத்திக்கொள்வார்கள். அந்த லிஸ்ட் போடுகிற நாளில் உன் காகிதம் பேசுமா, உன் ரீலுக்குச் சிரித்த நானூறு பேர் வந்து பேசுவார்களா?

ஒரு தொப்பையைக் கிண்டல் பண்ணியதற்கு இவ்வளவா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் சின்ன வயதில் தோன்றியது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அதே சுபேதார் சாப் ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்குப் பனியில் "எழுந்திரு, கிளம்பு" என்று சொல்லப்போகிறவர், ஏன் எதற்கு என்று கேட்காமல் முப்பது பேர் எழுந்தாக வேண்டும், அந்த முப்பது பேருக்கும் அவர் முகத்தைப் பார்த்ததும் தலையணைதான் ஞாபகம் வருகிறது என்றால் என்ன ஆகும்? பாரக்கில் நாலு பேருக்கு நடுவே மிமிக்ரி பண்ணுவது எல்லாக் காலத்திலும் இருந்தது, பட்டாளம் அதைக் கண்டும் காணாமலும் விட்டது. போன் வந்ததும் அந்தச் சுவர் போய்விட்டது.

"லீவில்தானே இருந்தேன், யூனிஃபார்ம் கூடப் போடலையே." லீவு டியூட்டியிலிருந்து கிடைப்பது, சட்டத்திலிருந்து அல்ல. ஆர்மி ஆக்டுக்கு உட்பட்டவன் எங்கே இருந்தாலும் உட்பட்டவன்தான், அல்சூர் ஆனாலும் ஆம்பூர் ஆனாலும்.

"பேரே போடலையே, வேற ஐ.டி.தானே." சரி, பேர் போடவில்லை. பின்னால் இருக்கிற கறுப்பு டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர், ரேங்க், பேர் மூன்றும் எழுதியிருக்கிறதே? என் மருமகன் ரீலில் அது பதினோராவது செகண்டில் தெரிகிறது, நிறுத்திக் காட்டினேன், முகம் வெளிறிவிட்டது. பெட்டி இல்லையென்றால் குரல் இருக்கிறது, சுவரில் கம்பெனி போர்டு இருக்கிறது, கட்டிலுக்கு மேலே காயப்போட்ட ஜெர்சியில் ஃபார்மேஷன் சைன் (படைப்பிரிவின் சின்னம்) இருக்கிறது. மரியாதைக் குறைவு ஒரு பக்கம் இருக்கட்டும், இது எதிரிக்கு நாமே வரைந்து கொடுக்கிற மேப். 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா என்கிற ஓட்டப்பயிற்சி ஆப்பின் உலக மேப்பைப் பார்த்தவர்கள், பாலைவனத்து இருட்டுக்கு நடுவில் அமெரிக்கச் சிப்பாய்கள் காலையில் ஓடிய தடம் பளபளவென்று எரிவதைக் கண்டுபிடித்தார்கள். அவர்களும் பேர் போடவில்லை.

"டெலீட் பண்ணிட்டேன் சாப்." பண்ணியிருப்பாய். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவன் பண்ணவில்லையே. அதைவிட, விசாரணை வருகிறது என்று தெரிந்த பிறகு போனையே ரீசெட் பண்ணிக் கொண்டுவந்து வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சாதாரண திட்டோடு போயிருக்க வேண்டிய விஷயம் அப்போதுதான் சந்தேகக் கேஸ் ஆகும், "வேற என்ன இருந்தது அதில்?" என்று இன்டெலிஜன்ஸ் ஆட்கள் கேட்க ஆரம்பிப்பார்கள். தப்பு செய்துவிட்டால் போனை அப்படியே வைத்துவிட்டு முதலில் உன் பிளட்டூன் ஜே.சி.ஓ.விடம் (சுபேதார் மாதிரி ஜூனியர் கமிஷன்டு ஆபீசரிடம்) போய் நீயே சொல்லிவிடு. வேறு யாரோ சொல்லி அவருக்குத் தெரிவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம்.

"நான் போடலை, ஃபார்வர்ட்தான் பண்ணினேன்." குடும்ப குரூப்பில் சித்தப்பா போட்ட கட்சி மீமை பேட்ச் குரூப்பில் தட்டிவிடுவது, மந்திரியைக் கிண்டல் பண்ணிய வீடியோவை ஸ்டேட்டஸில் வைப்பது, எல்லாம் இதில் வரும். 1954ஆம் வருஷத்து ஆர்மி ரூல்ஸில் 20 அரசியல் பக்கம் போகாதே என்கிறது, 21 அனுமதி இல்லாமல் பத்திரிகைக்கு எதையும் கொடுக்காதே என்கிறது. கட்சி எது என்பது இங்கே கணக்கில்லை, ஆளுங்கட்சியைப் புகழ்ந்தாலும் அதேதான்.

ஒரு பையன் எனக்கே சட்டம் சொன்னான். ஆன்லைனில் புண்படுத்துகிற மாதிரி எழுதினால் சிறை என்ற ஐ.டி. ஆக்ட் 66ஏ பிரிவை 2015இல் சுப்ரீம் கோர்ட் அடித்துவிட்டதே, அப்புறம் எப்படி என்னைக் கேட்கலாம் என்று. நல்ல கேள்வி. அரசியல் சாசனத்தின் 33வது பிரிவைப் படித்தால் பதில் கிடைக்கும். படைகளில் இருப்பவர்களின் அடிப்படை உரிமைகளைக் குறைக்கவோ நிறுத்தவோ பார்லிமென்டுக்கு அது அதிகாரம் தருகிறது, ஆர்மி ஆக்டின் 21வது பிரிவு அங்கிருந்துதான் வருகிறது. சிவில்காரனுக்குத் திறந்த கதவு எல்லாம் நமக்கும் திறக்காது. 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்களை அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது ஒரு லெஃப்டினன்ட் கர்னல் டெல்லி ஹைகோர்ட்டுக்கே போனார், ஆகஸ்டில் மனு தள்ளுபடி ஆனது. எது அனுமதி, எது இல்லை என்பது அவ்வப்போது மாறும், அதனால் யூனிட்டில் கடைசியாகப் படித்த உத்தரவு எதுவோ அதுதான் கணக்கு, யூடியூபில் எவனோ சொன்னது கணக்கில்லை.

இறந்தவர்களை வைத்து விளையாடுவது தனி ரகம். 2014இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் நேஷனல் கார்டைச் சேர்ந்த ஒரு பெண் சிப்பாய், கொடி போர்த்திய சவப்பெட்டி பக்கத்தில் சிப்பாய்கள் சிரித்துக் கொண்டாடுகிற படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். பயிற்சிக்கு வைத்த காலிப் பெட்டிதான். ஆனால் பார்த்தவர்களுக்கு அது காலி என்று எப்படித் தெரியும், அதுவும் மகனை அப்படி ஒரு பெட்டியில் வாங்கிய அம்மாவுக்கு? இறுதிச் சடங்கில் ராணுவ மரியாதை செலுத்துகிற வேலையிலிருந்து அவரை நிறுத்திவைத்தார்கள். நம் பக்கமும் வீரமரணம் அடைந்தவர் வீட்டு வாசலில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், ரெண்டுக்கும் பெரிய தூரம் இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். கிண்டல் ரீலைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் பெரும்பாலும் ஒரு குறை இருக்கும். என் மருமகன் கதையும் அதுதான். தங்கச்சி கல்யாணத்துக்கு சாங்ஷன் ஆன லீவை ரெண்டு நாளுக்கு முன்னால் ரத்து பண்ணிவிட்டார்கள், கேட்கப் போனபோது எல்லார் முன்னாலும் சுபேதார் ஏதோ சொல்லிவிட்டார். வலிக்கும். ஆனால் அந்த வலியை ரீலாக்கியதும் என்ன ஆனது? குறை சொல்ல வேண்டியவன் குற்றவாளி ஆகிவிட்டான்.

2017 ஜனவரியில் பி.எஸ்.எஃப். (எல்லைப் பாதுகாப்புப் படை) ஜவான் தேஜ் பகதூர் யாதவ், தண்ணீர் மாதிரி பருப்பையும் கருகிய ரொட்டியையும் காட்டி வீடியோ போட்டார். நாடே பார்த்தது, பிரதமர் அலுவலகம் அறிக்கை கேட்டது. ஏப்ரலில் அவரை டிஸ்மிஸ் பண்ணினார்கள். பி.எஸ்.எஃப். வேறு சட்டம், வேறு அமைச்சகம், ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும். அந்த ஜனவரியிலேயே ராணுவத் தளபதி பிபின் ராவத், குறையைச் சோஷியல் மீடியாவில் கொட்டினால் நடவடிக்கை என்று சொல்லிவிட்டு, யூனிட்களில் புகார்ப் பெட்டி வைக்கவும் ஏற்பாடு செய்தார். என் அபிப்பிராயம், வீடியோ போட்டவர்களைத் தண்டிப்பது சுலபம், பெட்டியைத் திறந்து படிப்பதுதான் கஷ்டமான வேலை, அதை ஒழுங்காகச் செய்த யூனிட்டில் எனக்கு டைப் அடிக்க சார்ஜ் ஷீட்டே அதிகம் வந்ததில்லை.

சரி, வழி என்ன? ஆர்மி ஆக்ட் 26வது பிரிவு. அதிகாரி அல்லாத யாருக்கும் மேலே இருப்பவரால் அநியாயம் நடந்ததாகத் தோன்றினால் கம்பெனி கமாண்டரிடம் புகார் கொடுக்கலாம். புகாரே அவர் மேல் என்றால் அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம் போகலாம். மேலே இருப்பவர்களும் சட்டத்துக்கு மேலே இல்லை, கீழே இருப்பவரைக் கொடுமைப்படுத்தினால் 47வது பிரிவு ஏழு வருஷம் வரை என்கிறது, ஹவில்தாருக்கும் அது உண்டு, கர்னலுக்கும் உண்டு. ஆனால் பொய் எழுதாதே. தெரிந்தே ஒருவர் பேரைக் கெடுக்கிற பொய்யைப் புகாரில் எழுதினால் 56வது பிரிவில் நீ மாட்டுவாய். ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, கர்நாடகாவுக்கு கொச்சி பெஞ்ச், தமிழ்நாட்டுக்கு சென்னை. ஆனால் லீவு விவகாரத்தை அங்கே கொண்டுபோக முடியாது, சட்டமே அதைத் தவிர்த்துவிட்டது. ஆகவே லீவுக் குறை யூனிட்டுக்குள்ளேயே தீர்கிற குறை, அங்கே இருக்கிற ஆட்களைப் பகைத்துக்கொண்டு எப்படித் தீர்ப்பாய்?

இன்னொன்று, வீட்டுக்காரர்களுக்கு. பையன் மாட்டினான் என்றதும் எம்.எல்.ஏ. லெட்டர் வாங்க ஓடாதீர்கள். வெளி ஆளை வைத்து அழுத்தம் கொடுத்தான் என்று அதுவும் அவன் தலையில்தான் விழும். தம்பி அண்ணன் யூனிஃபார்மைப் போட்டு ரீல் எடுப்பதும் வேண்டாம், சிப்பாய் என்று நம்பவைக்கிற மாதிரி உடுப்பு போடுவது பாரதிய நியாய சன்ஹிதாவில் (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றச் சட்டத்தில்) தனிக் குற்றம்.

பேஷி என்று வந்துவிட்டால் வாயடைத்து நிற்கவும் வேண்டாம், வாய்ச்சண்டையும் வேண்டாம். ஆர்மி ரூல்ஸ் 22இன்படி சார்ஜை உன் முன்னால்தான் விசாரிக்க வேண்டும், உனக்கு எதிராகச் சொல்கிறவரை நீ கேள்வி கேட்கலாம், உன் பக்கத்துச் சாட்சியைக் கூப்பிடலாம். இதை நான் சொன்னபோது பாதிப் பேருக்கு அப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியவில்லை.

அன்று சாயங்காலம், இனி யாரும் பார்க்காதபடி ரீலை நீக்கச் சொன்னேன். லீவு முடிந்து போனதும் சுபேதார் சாபிடம் தானே போய்ச் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டான், அதற்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது. அப்புறம் அக்கா வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து லீவு ரத்தானது பற்றி ஒரு மனு எழுதினான். "மிகவும் அநியாயமாகவும் மனிதாபிமானமே இல்லாமலும்" என்று மூன்றாவது வரி. பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தேன். "லீவு சாங்ஷன் ஆனது என்னைக்கு, கேன்சல் ஆனது என்னைக்கு, கல்யாணம் என்னைக்கு, அதை மட்டும் எழுதுடா" என்றேன். தேதி சரியாக ஞாபகம் இல்லை என்று கல்யாணப் பத்திரிகையைத் தேடி உள்ளே போனான்.