சீட்டை மாற்றும் முன் சஸ்பென்ஷனை அளங்கள்: டூரிங் பைக்கை உடலுக்குப் பொருத்தும் முறை

நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் முதலில் குறை சொல்வது சீட்டைத்தான். இரண்டு மணி நேரத்தில் இடுப்பு கடுக்கிறது, வால் எலும்பு வலிக்கிறது, உடனே ஜெல் சீட், ஏர் குஷன் என்று தேட ஆரம்பிக்கிறார்கள். பெரும்பாலான பைக்குகளில் கோளாறு சீட்டுக்குக் கீழே, பின் ஷாக்கில் இருக்கிறது. ஓட்டுபவரின் எடைக்கு ஸ்ப்ரிங் சரியாக வைக்கப்படாவிட்டால் ஷாக் அதன் அடிமட்டத்துக்கு அருகிலேயே வேலை செய்யும். ஒவ்வொரு பள்ளத்திலும் அது முட்டி நிற்கும்போது அந்த அடி நேராக முதுகெலும்புக்குப் போகிறது. எவ்வளவு மெத்தென்ற சீட் போட்டாலும் இது மாறாது.

தேவையானவை: மில்லிமீட்டர் டேப், மாஸ்கிங் டேப், ஒரு கேபிள் டை, பைக்கோடு வந்த சி-ஸ்பேனர், ஆலன் கீ செட், டயர் பிரஷர் கேஜ், உதவிக்கு இரண்டு பேர்.

முதலில் டயர்

காற்று குறைந்த டயரை வைத்துக்கொண்டு சஸ்பென்ஷனைச் சரிசெய்தால் எல்லாக் கணக்கும் தப்பாகும். பைக் குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, டயர் குளிர்ந்த நிலையில் அளக்க வேண்டும். ஸ்விங் ஆர்மிலோ (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) செயின் கார்டிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் சரி. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் பைக்குக்கான அளவு அல்ல. ஓடிச் சூடான டயரில் பிரஷர் கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள், குளிர்ந்ததும் குறைந்துபோகும்.

பின் ஷாக்: அமிழ்வை அளத்தல்

நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதைத்தான் அமிழ்வு (சேக்) என்கிறோம். சாலை டூரிங்குக்கு அது மொத்த வீல் டிராவலில், அதாவது சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய முழுத் தூரத்தில், சுமார் 30 சதவீதம் இருக்க வேண்டும். டிராவல் எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும்.

1. பின் சக்கரம் முழுதாகத் தொங்கும்படி பைக்கை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பேடாக் ஸ்டாண்ட் இதற்கு உதவாது. அது ஸ்விங் ஆர்மைத் தாங்குவதால் சஸ்பென்ஷன் நீளாது. சென்டர் ஸ்டாண்ட் இல்லையென்றால் இருவர் கிராப் ரெயிலைப் பிடித்து, சக்கரம் தரையை விட்டு எழும்வரை தூக்க வேண்டும்.

2. ஆக்ஸிலின் மையத்துக்கு நேர் மேலே, பாடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு புள்ளி வையுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 610 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

3. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு ஏறுங்கள். இவை சேர்ந்தாலே சில கிலோ கூடும். ஒருவர் முன்னால் நின்று பைக்கை நேராகப் பிடிக்கட்டும். கால்கள் ஃபுட்பெக்கில், உடல் வழக்கமாக ஓட்டும் நிலையில் இருக்க வேண்டும்.

4. உதவியாளர் பின்பக்கத்தை அழுத்தி மெதுவாக எழவிட்டு, நின்ற இடத்தில் அளக்கட்டும். பிறகு லேசாகத் தூக்கி மெதுவாக இறங்கவிட்டு மறுபடி அளக்கட்டும். முதலாவது 554, இரண்டாவது 562 வந்தால் சராசரி 558. சீல்களிலும் புஷ்களிலும் உராய்வு இருப்பதால்தான் இரண்டும் வேறுபடுகின்றன. ஒரே ஒரு முறை அளந்தால் அந்த உராய்வையும் சேர்த்து அளந்ததாகிவிடும். வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால், ஷாக்கை ஸ்விங் ஆர்மோடு இணைக்கும் லிங்கேஜ் பேரிங்குகளில் கிரீஸ் வற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

5. 610-இல் 558 போனால் 52 மி.மீ. டிராவல் 140 மி.மீ. உள்ள பைக்கில் இது 37 சதவீதம், அதாவது பின்பக்கம் தாழ்ந்து கிடக்கிறது. வேண்டியது 42 மி.மீ. அளவில்.

இனி பிரீலோடை, அதாவது ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்கும் அளவை, கூட்ட வேண்டும். ஷாக்கின் மரையில் ஒட்டிய மண்ணைப் பிரஷ்ஷால் துடைத்து, துருநீக்கும் எண்ணெய் தெளித்து, லாக் ரிங்கை முதலில் தளர்த்துங்கள். பிறகு ஸ்ப்ரிங்கை அழுத்திப் பிடிக்கும் காலரை சி-ஸ்பேனரால் சுற்றுங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டுவது பரவலான பழக்கம், ஆனால் அலுமினியக் காலரின் பல் உடைந்தால் பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. மரையின் இடைவெளி 1.5 மி.மீ. என்றால் ஒரு முழுச் சுற்று சக்கரத்தில் சுமார் 3 மி.மீ. முதல் 4 மி.மீ. வரை மாற்றம் தரும். அப்படியானால் 10 மி.மீ. குறைக்க சுமார் மூன்று சுற்று வேண்டியிருக்கும். படிப்படியாக மாற்றும் கேம் வகையானால் ஒரு படி ஏற்றி அளந்து, போதாவிட்டால் அடுத்த படிக்குப் போங்கள்.

பிரீலோடைக் கூட்டினால் ஸ்ப்ரிங் கடினமாகிவிடும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அது தவறு. ஸ்ப்ரிங் அதேதான், பைக் நிற்கும் உயரம்தான் மாறுகிறது. அதனால்தான் இரண்டாவது சோதனை ஒன்று தேவை. இறங்கிவிட்டு, பைக்கை நேராக நிறுத்தி, அதன் சொந்த எடையில் எவ்வளவு அமிழ்கிறது என்று அதே முறையில் அளங்கள். 10 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. நீங்கள் ஏறியபோது 42 சரியாக வந்து, இறங்கியபின் அமிழ்வே இல்லையென்றால் உங்கள் எடைக்கு அந்த ஸ்ப்ரிங் மென்மையானது. காலரை இறுக்கி இறுக்கி அதை ஈடுகட்டியிருக்கிறீர்கள். மாறாக, ஏறியபோது சரியாக இருந்து, தனியாகவே 25 மி.மீ. அமிழ்ந்தால் ஸ்ப்ரிங் உங்களுக்குக் கடினம். இரண்டுக்கும் தீர்வு வேறு ஸ்ப்ரிங்தான். நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு அந்தச் செலவு வீண் போகாது.

அமிழ்ந்த ஷாக் திரும்ப எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் ஸ்க்ரூ இருந்தால், தொடுவதற்கு முன் அதை மெதுவாக முழுதும் மூடி எத்தனை கிளிக் வருகிறது என்று எழுதிவைத்து, பழைய இடத்துக்கே திருப்புங்கள். பின்பக்கத்தை ஓங்கி அழுத்தி விட்டால் ஒரே எழுச்சியில் வந்து நிற்க வேண்டும். மேலும் கீழும் ஆடினால் ரீபவுண்ட் போதவில்லை. மிக மந்தமாக எழுந்தால் அதிகம். தொடர்ச்சியான குண்டுகுழிகளில் ஷாக் நிமிர நேரமில்லாமல் கீழேயே தங்கிவிடும், அப்போதும் முதுகில்தான் அடி. ஒரு முறைக்கு இரண்டு கிளிக்குக்கு மேல் மாற்றாதீர்கள்.

முன் ஃபோர்க்கில் அளப்பது எளிது. முன் சக்கரம் தரையை விட்டு எழும்பி ஃபோர்க் முழுதாக நீண்டிருக்கும்போது வழவழப்பான குழாயில் கேபிள் டையைக் கட்டி, சீல் வரை நகர்த்துங்கள்; சக்கரத்தைத் தரையில் இறக்கி, மெதுவாக ஏறி இறங்கினால் குழாயில் அது நகர்ந்த தூரமே அமிழ்வு. 120 மி.மீ. டிராவலுக்கு 35 மி.மீ. வரை சரி. பல ஃபோர்க்குகளில் சரிசெய்யும் வசதியே இருக்காது. அளவு மிகவும் தப்பினால் ஃபோர்க் ஆயிலும் ஸ்ப்ரிங்கும் பார்க்க வேண்டியவை.

கையும் காலும்

உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். விரல்களை லீவர் மேல் நீட்டும்போது முன்கை, மணிக்கட்டு, விரல்கள் மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தால் லீவர் உயரமாக இருக்கிறது என்று பொருள். விரல் மரத்துப்போவதற்கு இது பெரிய காரணம். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திச் சுற்றினால் போதும். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் கிளாம்பில் அம்புக்குறி இருந்தால் அது மேல்நோக்கி இருக்க வேண்டும், மேல் போல்ட்டை முதலில் இறுக்க வேண்டும். முடித்ததும் ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, கேபிளோ பிரேக் ஹோஸோ இழுபடவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

கியர் பெடல் கால் விரலுக்கு எட்டாமல் கணுக்காலைத் தூக்க வேண்டியிருந்தால் பெடலைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜ் ராடின் நீளத்தை மாற்றலாம். அதன் இரு லாக் நட்டுகளில் ஒன்று பெரும்பாலும் இடது மரை. சுற்றவில்லையே என்று பலம் கொடுக்காமல் எதிர்த்திசையில் முயலுங்கள். பின் பிரேக் பெடலைத் தாழ்த்தினால் பிரேக் லைட் சுவிட்சையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம், பின்னால் வருபவருக்கு ஆபத்து.

இத்தனைக்கும் பிறகு வலி இருந்தால் சீட்டைப் பாருங்கள். நுனி தாழ்ந்த சீட்டில் உடல் டேங்க் பக்கம் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதைத் தடுக்கக் கைகள் எடை சுமக்கும். தோள் வலிக்குக் காரணம் அதுவே. கட்டைவிரலால் அழுத்தும்போது அடித்தட்டு தட்டுப்பட்டால் ஃபோம் செத்துவிட்டது.

பில்லியனும் லக்கேஜும் ஏறினால்

மேனுவலில் உள்ள மொத்த அனுமதி எடையிலிருந்து பைக்கின் கெர்ப் எடையை (பெட்ரோல், எண்ணெயோடு ஆளும் சுமையும் இல்லாத எடை) கழித்தால் வருவதுதான் நீங்கள், பின்னால் இருப்பவர், பெட்டிகள் எல்லாவற்றுக்குமான வரம்பு. கனமான பொருள்கள் தாழ்வாக, நடுவை ஒட்டி இருக்கட்டும். டாப் பாக்ஸ் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் தொங்குவதால் அதில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தை லேசாக்குகிறது. வேகத்தில் ஹேண்டில் நெளிவதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். அதில் துணி மட்டும் போகட்டும்.

முழுச் சுமையோடு அமிழ்வை மறுபடி அளந்து, பிரீலோடை எத்தனை சுற்று கூட்டினீர்கள் என்று சீட்டுக்கு அடியில் ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். இறக்கிய பிறகு அதே எண்ணிக்கையில் குறைக்கலாம். டயரிலும் சுமைக்கான பிரஷர் வேண்டும், ஸ்டிக்கரில் அது தனியாக இருக்கும். சுவர் முன் நிறுத்தி ஹெட்லைட் ஒளி முன்பைவிட மேலே ஏறியிருந்தால் இறக்கிவிடுங்கள்.

கடைசியாகச் செயின். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் பிவட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாகும். சுமை ஏற ஏற பைக் அந்த நிலையை நெருங்குகிறது. எனவே மேனுவல் சொல்லும் தளர்ச்சியில் இறுக்கமான ஓரத்தை விட்டுவிட்டுத் தளர்ந்த ஓரத்துக்கு வையுங்கள். சுமையோடு நீங்கள் அமர்ந்திருக்க, இன்னொருவர் எஞ்சின் நிறுத்திய நிலையில் கீழ்ச்செயினின் நடுவே அழுத்திப் பார்க்கட்டும். சிறிதாவது ஆட வேண்டும். கம்பிபோல் விறைத்திருந்தால் கியர்பாக்ஸ் வெளிஷாஃப்டின் பேரிங்கும் சீலும் அடிவாங்கும், அங்கே எண்ணெய் கசிய ஆரம்பித்தால் வேலை பெரியது.