எந்த காமிக்ஸில்? சூப்பர் ஹீரோ ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

2025 ஜூலையில் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ பார்க்க அக்கா மகனை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நிற்கும்போதே என் பிரசங்கம் தொடங்கிவிட்டது. படத்தில் வெள்ளி மேனியோடு வரும் சில்வர் சர்ஃபர் காமிக்ஸில் ஓர் ஆண், அவன் பெயர் நாரின் ராட், அவனைப் போய் பெண்ணாக மாற்றிவிட்டார்கள், காமிக்ஸில் இப்படி இல்லவே இல்லை என்று பொரிந்து தள்ளினேன். பையன் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்டான்: “எந்த காமிக்ஸ்ல மாமா?”

வாயைத் திறந்தேன். பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய இதழ்களைப் புரட்டிய பிறகுதான் என் அவசரம் உறைத்தது. படத்தில் வருவது பெண்ணாக மாற்றப்பட்ட நாரின் ராட் அல்ல. அவள் ஷல்லா-பால், நாரின் ராடின் காதலி. 1968இல் வந்த ‘சில்வர் சர்ஃபர்’ முதல் இதழிலேயே இருப்பவள். 1999இல் தொடங்கிய ‘எர்த் எக்ஸ்’ தொடரில் அவளும் வெள்ளி மேனியோடு, கிரகங்களை விழுங்கும் கேலக்டஸின் தூதராக வருகிறாள். இருபது வருடமாக இதைப் படித்துக்கொண்டிருப்பவன் நான். இந்தச் சறுக்கலுக்கு அப்புறம், நானும் என் கூட்டாளிகளும் வழக்கமாகச் செய்கிற தவறுகளைக் கணக்கெடுத்துப் பார்த்தேன். கணக்கு கொஞ்சம் நீளம்தான்.

“காமிக்ஸில் இப்படி இல்லையே!”

இதுதான் தவறுகளுக்கெல்லாம் தாய். ‘காமிக்ஸ்’ என்று ஒருமையில் சொல்லும்போதே வழுக்கிவிடுகிறோம். எண்பது வருடத்துக்கும் மேலாக நூறு பேர் எழுதி, அழித்து, மறுபடி எழுதிய ஒன்றுக்கு மூலப்பிரதி எங்கே இருக்கிறது?

சூப்பர்மேனையே எடுத்துக்கொள்வோம். 1938இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் வந்தவனுக்குப் பறக்கத் தெரியாது. எட்டில் ஒரு பங்கு மைல் தூரம் தாவுவான், அவ்வளவுதான். பறக்கும் வரம் வானொலி நாடகமும் 1941இல் தொடங்கிய கார்ட்டூன் படங்களும் சேர்ந்து கொடுத்தது. அவனைச் சாய்க்கும் கிரிப்டோனைட் கல் 1943இல் முதலில் வந்ததும் வானொலியில்தான். காமிக்ஸ் பக்கத்துக்கு அது வந்து சேர 1949 ஆயிற்று. பேட்மேன் உலகின் ஹார்லி க்வின் 1992இல் ஒரு தொலைக்காட்சி கார்ட்டூனில் பிறந்தவள். இவர்களையெல்லாம் ‘காமிக்ஸ் பாத்திரங்கள்’ என்று நாம் உரிமை கொண்டாடுகிறோம். வேடிக்கைதான்.

படத்தைத் திட்டி முடித்த பிறகு காமிக்ஸே படத்தின் பின்னால் போய்விடுவதும் உண்டு. ‘மிஸ் மார்வெல்’ என்ற நாயகி கமலா கான் 2014இல் காமிக்ஸில் தனித்தொடராக வந்தபோது அவள் கைகால்கள் நீளும், உடம்பு பெருக்கும், அவள் ‘இன்ஹ்யூமன்’ என்ற தனி இனத்தவள். 2022இல் வந்த திரைத்தொடரில் அதையெல்லாம் எடுத்துவிட்டு, ஒளியைக் கெட்டிப்படுத்தும் சக்தியைக் கொடுத்தார்கள். கடைசியில் அவள் மியூட்டன்டாக, அதாவது பிறவியிலேயே சக்தி உள்ளவளாக, இருக்கலாம் என்று ஒரு கொக்கியும் போட்டார்கள். நாங்கள் கொதித்தோம். அடுத்த வருடமே காமிக்ஸில் அவளைச் சாகடித்து, மியூட்டன்டாக உயிர்ப்பித்தார்கள். அந்தப் புதுத்தொடரை எழுதிய இருவரில் ஒருவர் யார் தெரியுமா? திரையில் கமலாவாக நடித்த இமான் வெல்லானி. இப்போது எதை அசல் என்பது?

மார்வெல் கதைகளின் உளவுத் தலைவர் நிக் ஃப்யூரி கதையும் இதே ரகம். அவர் வெள்ளைக்காரர்தானே என்று கேட்பவர்களுக்கு: 2002இல் வந்த ‘அல்டிமேட்ஸ்’ காமிக்ஸிலேயே சாமுவேல் ஜாக்சன் முகச்சாடையில்தான் ஃப்யூரியை வரைந்தார்கள். ஜாக்சன் திரையில் அந்த ஒற்றைக்கண் மறைப்போடு வந்தது அதற்கு 6 வருடம் கழித்து, 2008இல்.

நம் ஊர்க் கதை ஒன்றும் இதில் உண்டு. தமிழில் வந்த லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்த தலைமுறைக்கு ‘ஸ்பைடர்’ என்றால் சிவப்பு நீல உடுப்பு போட்ட பையன் நினைவுக்கு வரமாட்டான். கூர்காதும் வலைத் துப்பாக்கியுமாகக் குற்ற உலகத்தையே ஆள நினைத்த பிரிட்டிஷ் ஸ்பைடர்தான் நினைவுக்கு வருவான். அவன் கதைகளில் பெரும்பகுதியை எழுதியது ஜெர்ரி சீகல், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். 2002இல் ஸ்பைடர்மேன் படம் வந்தபோது, “இது என்ன ஸ்பைடர், வில்லத்தனமே இல்லை” என்று அலுத்துக்கொண்ட அண்ணன் ஒருவரை எனக்குத் தெரியும். அவரைப் பார்த்துச் சிரித்தேன். ஆனால் நான் செய்வதும் அதேதான். முதலில் எந்த வடிவத்தைச் சந்தித்தோமோ அதற்கு ‘அசல்’ என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

குரலில்கூட இதே கதைதான். 2019இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ படம் தமிழில் வந்தபோது அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். அதற்கு முந்தைய டப்பிங் குரலுக்குப் பழகிய ரசிகர்கள் கொதித்த கொதிப்பு நினைவிருக்கலாம். அந்தப் பழைய குரலும் டப்பிங்தானே என்று யாரும் கேட்கவில்லை.

சரி, அப்படியானால் மாற்றத்தைப் பற்றிக் குறையே சொல்லக் கூடாதா? தாராளமாகச் சொல்லலாம். காரணத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். 2007இல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் படத்தில் கேலக்டஸை ஒரு பெரிய மேகமாகக் காட்டினார்கள். அது சொதப்பல்தான். காமிக்ஸில் ஊதா நிறத் தலைக்கவசம் போட்டிருப்பார் என்பதற்காக அல்ல. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1966இல் சொன்ன கதையில் கேலக்டஸ் பேசக்கூடியவர். மனிதர்கள் அவருக்கு எறும்பு மாதிரி. அந்த எறும்புகளுக்காக அவருடைய தூதனே எஜமானை எதிர்த்து நிற்கிறான், கதையின் உயிரே அதுதான். மேகத்தை எதிர்த்து யார் நிற்பது? மேகத்திடம் என்ன கெஞ்சுவது? 2025 படத்தில் அவர் மனித உருவத்தில் வந்ததால்தான், “உங்கள் பிள்ளையைக் கொடுங்கள், பூமியை விட்டுவிடுகிறேன்” என்று பேரம் பேச முடிந்தது. மொத்தப் படமும் அந்தப் பேரத்தின் மேல்தான் நிற்கிறது.

“பக்கத்துக்குப் பக்கம் அப்படியே எடுத்திருக்கணும்”

முதல் தவறின் தம்பி இது. ஒரு காட்சி காமிக்ஸ் கட்டத்தை அச்சு அசலாக ஒத்திருந்தால் உடனே மெய்சிலிர்த்துவிடுகிறோம். ட்ரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பக்கத்தில் புத்தகத்தை வைத்து ஒப்பிடுகிறோம். நானும் விடிய விடிய செய்திருக்கிறேன்.

2016இல் வந்த ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ படத்தில் அந்தக் கனத்த இரும்புக் கவசமும் சண்டையும் ஃப்ராங்க் மில்லரின் 1986 ‘டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ காமிக்ஸிலிருந்து நேராக இறங்கியவை. பார்க்க அட்டகாசம். ஆனால் மில்லரின் பேட்மேனுக்கு வயது ஐம்பத்தைந்து. பத்து வருடம் ஒதுங்கி இருந்துவிட்டு வந்தவன். அவன் அடிப்பது ஒரு காலத்தில் தோளோடு தோள் நின்ற நண்பனை. ஒவ்வொரு குத்திலும் பழைய நட்பு வலிக்கும். படத்தில் இருவரும் அறிமுகமாகியே சில நாட்கள்தான். கவசம் வந்துவிட்டது, வலி வரவில்லை.

‘டார்க் ஃபீனிக்ஸ்’ கதையின் கதி இதைவிடப் பரிதாபம். 1963 முதல் எக்ஸ்மென் என்ற மியூட்டன்ட் குழுவின் கதையில் இருந்த பெண் ஜீன் கிரே. 1976இல் பேராற்றல் கொண்ட ஃபீனிக்ஸ் ஆகிறாள். 1980இல் கிறிஸ் கிளேர்மான்ட்டும் ஜான் பர்னும் அவளை ஒரு கிரகத்தையே அழிக்கும் அளவுக்குக் கொண்டுபோகிறார்கள். முதலில் அவள் சக்தியை மட்டும் பறித்துவிட்டு உயிரோடு விடுவதாகத்தான் திட்டம். ஒரு கிரகத்து உயிர்களையே கொன்றவள் அப்படிச் சும்மா போகக் கூடாது என்று அன்றைய தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் மறுத்தார். அதனால்தான் நிலவில் அவள் சாகும் அந்த முடிவு. பதினேழு வருடம் கூடவே வளர்ந்த பெண்ணை இழந்த வாசகன் அழுததில் என்ன ஆச்சரியம்?

அந்தக் கதையைத் திரையில் இரண்டு முறை எடுத்தார்கள், 2006இலும் 2019இலும். இரண்டு திரைக்கதையிலும் சைமன் கின்பெர்க்கின் கை இருக்கிறது. முதல் தடவை, மியூட்டன்டுகளுக்கு மருந்து கண்டுபிடிக்கும் வேறொரு கதையோடு சேர்த்துக் கூட்டாஞ்சோறு ஆக்கினார்கள். இரண்டாம் தடவை மூலத்துக்கு நெருங்கித்தான் போனார்கள். ஆனால் அந்த ஜீனை நாம் அதற்கு முன் ஒரே ஒரு படத்தில்தான் பார்த்திருந்தோம். போன மாதம் குடிவந்தவர் வீட்டுத் துக்கத்துக்கு எவ்வளவு அழ முடியுமோ அவ்வளவுதான் அழ முடிந்தது.

எதிர்ப்பக்கம் ‘லோகன்’, எக்ஸ்மென் குழுவின் வுல்வரின் படம். 2008இல் தொடங்கிய ‘ஓல்ட் மேன் லோகன்’ காமிக்ஸிலிருந்து கிழட்டு வுல்வரினையும் நீண்ட கார்ப் பயணத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வீசிவிட்டார்கள். ஹல்க்கின் ரவுடிப் பிள்ளைகள் இல்லை, கண் தெரியாத ஹாக்ஐ இல்லை. அந்தப் படம்தான் தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

அவெஞ்சர்ஸ் படங்களின் வில்லன் தானோஸிடமும் கை வைத்தார்கள். 1991இன் ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’ கதையில் அவன் ஒரே சொடக்கில் உலகத்து உயிர்களில் பாதியை அழிப்பது முதல் இதழில். மரணம் என்கிற பெண்ணைக் கவரத்தான் பாதிப் பேரைக் கொல்கிறான். ‘இன்ஃபினிட்டி வார்’ படத்தில் காதல் போய், வளப் பற்றாக்குறை வந்தது. அதைவிடப் பெரிய மாற்றம், சொடக்கைத் தூக்கிக் கடைசியில் வைத்தது. காமிக்ஸில் தொடக்கப்புள்ளியாக இருந்தது படத்தில் இடியாக விழுந்தது. அவ்வளவு சக்தி கையில் இருக்கும்போது வளத்தை இரண்டு மடங்காக்க வேண்டியதுதானே என்ற கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை. நியாயமான குறை அதுதான், காதலியைக் காணவில்லை என்பதல்ல.

“சூப்பர்மேன் கொல்லவே மாட்டான்”

இந்தச் சண்டை 2013இலிருந்து ஓய்ந்தபாடில்லை. ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ படத்தின் கடைசியில் வில்லன் ஜெனரல் ஸாடின் கழுத்தைத் திருகிவிடுகிறான். துரோகம் என்றது ஒரு கட்சி. 1988இல் காமிக்ஸிலேயே ஸாட் உள்பட மூன்று பேரை கிரிப்டோனைட் வைத்துக் கொன்றிருக்கிறானே என்று புத்தகத்தைத் தூக்கிக் காட்டியது இன்னொரு கட்சி. இரண்டு பேரும் தவறான இடத்தைத் தோண்டுகிறார்கள் என்பது என் கட்சி.

அந்த 1988 கதைக்குப் பிறகு குற்ற உணர்ச்சி தாங்காமல் பூமியை விட்டே போய்விடுகிறான் சூப்பர்மேன். இதழ் இதழாக அந்தப் பாரம் தொடர்கிறது. படத்திலோ, ஒரு கதறல், ஓர் அணைப்பு, அடுத்த காட்சியில் வேவு விமானத்தை உடைத்துப் போட்டுவிட்டு ராணுவ அதிகாரியிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான். கொன்றதைவிட, கொன்றது எதையும் மாற்றாததுதான் எனக்கு உறுத்தியது.

2025 சூப்பர்மேனில் இந்தக் கச்சேரி வேறு ராகத்தில் நடந்தது. கிரிப்டான் பெற்றோர் அனுப்பிய செய்தியின் மறுபாதியில், பூமியை ஆள் என்று இருந்ததைப் பலரால் ஜீரணிக்க முடியவில்லை. எனக்கும் முதலில் பகீர் என்றது. யோசித்தால், அந்த ஒரு மாற்றத்தால்தான் கேன்சஸ் கிராமத்து வளர்ப்புப் பெற்றோருக்கு அந்தப் படத்தில் எடை கூடியது. நல்லவனாக இருக்கச் சொல்லி வானத்திலிருந்து யாரும் கட்டளை போடவில்லை, வளர்ந்த வீடு அப்படி. மாற்றம் வேலை செய்ததா என்று பார்ப்பது இப்படித்தான். ஆனாலும் அந்தச் செய்தியில் வரும் பல மனைவிகள் பற்றிய வரி தேவையில்லை, அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சில்லறைத் தவறுகள்

வசூலை வைத்துத் தரம் சொல்வது. மூன்றாம் எக்ஸ்மென் படம் சுமார் 46 கோடி டாலர் வசூலித்தது, ரசிகர்கள் கொண்டாடும் இரண்டாம் பாகம் 40 கோடியைச் சற்றே தாண்டியது. இரண்டையும் பார்த்தவர்களிடம் எது மேல் என்று கேட்டுப் பாருங்கள்.

கேலியை ஆதரவு என்று நினைப்பது. இதில் ரசிகர்களோடு ஸ்டுடியோவும் சறுக்கியது. 2022இல் ‘மோர்பியஸ்’ படத்தை இணையம் முழுக்கக் கிண்டலடித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே படத்தை அமெரிக்காவில் ஆயிரம் தியேட்டர்களில் மறுபடி இறக்கினார்கள். வார இறுதிக்கு வந்தது சுமார் 3 லட்சம் டாலர். மீம் போடுகிறவன் டிக்கெட் எடுக்க மாட்டான்.

புதிதாகப் பார்க்க வருபவரிடம் முப்பது படப் பட்டியலை நீட்டுவது. பாவம், ஓடியே போய்விடுவார்கள். 2022இன் ‘தி பேட்மேன்’ பார்க்க எந்த முன்கதையும் வேண்டாம். அதைப் போட்டுக் காட்டுங்கள், பிடித்தால் அவர்களே மற்றதைத் தேடுவார்கள்.

அப்புறம், உலை கொதிப்பதற்குள் சாதம் குழைந்துவிட்டது என்பது. ஹீத் லெட்ஜரை ஜோக்கர் வேடத்துக்கு அறிவித்தபோது என்ன பேச்சு பேசினோம், பிறகு எப்படிக் கொண்டாடினோம் என்பதை மறந்துவிட்டு, அயர்ன் மேனாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியர் வில்லன் டாக்டர் டூமாக வரப்போகிறார் என்று 2024 ஜூலையில் அறிவித்ததும் அதே ஆட்டத்தை ஆரம்பித்தோம். அக்கா மகனுக்கும் இதில் சந்தேகம். அயர்ன் மேன் முகத்தோடு வில்லன் எப்படி வர முடியும் என்று கேட்டான்.

“அதெல்லாம் வரலாம்டா. காமிக்ஸில் டூமே அயர்ன் மேன் கவசத்தை மாட்டிக்கொண்டு...”

சொல்லி முடிக்கவில்லை. பையன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன்: “2016, ‘இன்ஃபேமஸ் அயர்ன் மேன்’. போதுமா?”