போட் லாக்கர்ல பெட்ரோல் வாடை: என் அனுபவம்

கனடாவுல சிம்கோ ஏரில ஓட்டுற எங்க பழைய போட்ல லைஃப் ஜாக்கெட் லாக்கரைத் திறந்தாலே பெட்ரோல் வாடை குப்புன்னு அடிக்கும், பிள்ளைங்களுக்குத் தலைவலியே வந்துடும். சோப்பு போட்டுக் கழுவினேன், ரெண்டே நாள்ல மறுபடி அதே வாடை. கடைசில பேட்டரிய ஆஃப் பண்ணிட்டு, ஒவ்வொரு பெட்ரோல் ஹோஸையும் (ரப்பர் குழாய்) சுத்தமான துணியால அழுத்தித் துடைச்சு மோந்து பார்த்தேன், இஞ்சினுக்குப் போற ஹோஸைத் துடைச்ச துணி நாறுச்சு! சொட்டுகூட ஒழுகல, ரப்பர் பழசாகி அது வழியாவே ஆவி வருது. ஆவி ரொம்பக் கம்மியா கசியுற, ஏ1-15னு அச்சடிச்ச மரைன் ஹோஸ் (போட்டுக்கான குழாய்) வாங்கி, கிளாம்ப்போட மாத்தினேன், வாடை போயிடுச்சு. பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், போட்டோட அடிப்பள்ளத்துல (பில்ஜ்) தேங்கி நிக்கும், ஒரு ஸ்பார்க் போதும், அதனால இப்பவும் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி 4 நிமிஷம் புளோயர் (ஆவியை வெளிய தள்ளுற ஃபேன்) ஓட்டிட்டு, நானே குனிஞ்சு மோந்து பார்ப்பேன்.