மணி சரி, மண்டலம் தப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் மூன்று நாளாக ஒரே கூத்து. இணையக் கணக்கில் நுழைய, அம்மாவின் கைப்பேசியில் உள்ள பாதுகாப்புச் செயலி காட்டும் ஆறு இலக்க எண்ணைப் போட்டால் 'தவறு' என்றே வந்தது. கரண்டு பில் கட்ட முடியவில்லை. செயலியை அழித்து ஏற்ற பயம், உள்ளிருக்கும் கணக்கும் போய்விடுமே! சிம்மைக் கழற்றி மாட்டினேன். கடையில் 30 வெள்ளி அழுதேன். பயனில்லை.

அப்புறம்தான் கவனித்தேன். மணி சரி, ஆனால் நேர மண்டலம் இந்தியா. சென்னை போய் வந்த அம்மா, மண்டலத்தை மாற்றாமல் மணியை மட்டும் கையால் இரண்டரை மணி நேரம் தள்ளி வைத்திருக்கிறார். அந்த எண் 30 நொடிக்கு ஒருமுறை உலகப் பொது நேரத்தை வைத்துப் பிறப்பது. சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போனாலும், மண்டலம் இந்தியா என்றே இருந்ததால் கைப்பேசி உள்ளுக்குள் பொது நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடியிருக்கிறது.

நேரம், மண்டலம் இரண்டையும் தானியங்கியில் போட்டேன். அடுத்த எண்ணிலேயே கணக்கு திறந்தது.