சென்னை புழுக்கத்துல உடம்பைக் காப்பாத்திக்கிறது எப்படி? பானையில இருந்து ஆரம்பிப்போம்

கத்திரி வெயில் வந்துட்டா எல்லாரும் டிகிரியை மட்டும்தான் பாக்குறாங்க, வேலூர்ல 42, நம்ம ஊர்ல 37தானே பரவாயில்லன்னு வெளிய கிளம்பிடுறாங்க. சென்னையில ஆளை சாய்க்கிறது வெறும் வெயில் இல்லைங்க, புழுக்கம்.

ஸ்டெப் 1: காலையில பானைத் தண்ணியைக் குடிச்சுப் பாருங்க
மண்பானையில கசியுற ஈரம் காத்துல காயும்போது சூட்டை எடுத்துட்டுப் போகுது, அதனாலதான் தண்ணி ஜில்லுனு இருக்கு. நம்ம வேர்வைக்கும் இதே வேலைதான். ஆனா காத்துல ஏற்கனவே ஈரம் நிறைஞ்சிருந்தா பானையும் குளிராது, வேர்வையும் காயாது, சட்டை நனைஞ்சு ஒட்டுமே தவிர உடம்பு சூடு உள்ளயே நிக்கும். பானைத் தண்ணி வழக்கம்போல குளிரலையா, அன்னைக்கு வேலையைக் குறைச்சுக்கோங்க.

ஸ்டெப் 2: நேரத்தை மாத்துங்க
11 மணிக்குள்ள வெளி வேலையை முடிச்சிடுங்க, மிச்சம் இருந்தா 4 மணிக்கு மேல. கடல்காத்து லேட்டாகுற நாள்ல மேற்கத்திக் காத்து அனலா அடிக்கும், ரொம்ப கவனமா இருக்கணும். 2003 மே 31 அன்னைக்கு நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி போச்சு.

ஸ்டெப் 3: ரூம்
மேற்கு பக்க ஜன்னலுக்குப் பகல்ல திரை, ராத்திரி திறந்து விடுங்க. மூடின ரூம்ல ஏர் கூலர் போடுறது, ஈரப் போர்வை தொங்கவிடுறது ரெண்டும் நம்ம ஊருக்கு ஒத்து வராது, புழுக்கம்தான் கூடும். ஃபேன் நல்லது, ஆனா ரூமே 40 டிகிரியைத் தாண்டிட்டா அது சூட்டுக் காத்தைத்தான் மேல அடிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மொட்டை மாடிக்குக் கீழ உள்ள வீடுன்னா பகல்ல கீழ் வீட்டுல போய் உக்காந்துக்கோங்க, கேக்கவே கூச்சப்படாதீங்க.

ஸ்டெப் 4: குடிக்கிறது
தாகம் எடுக்குற வரைக்கும் காத்திருக்காதீங்க. மோர், நீராகாரம் எல்லாமே நல்லது. ரொம்ப வேர்த்து ஊத்தினா ஓஆர்எஸ் பாக்கெட், அது கிடைக்கலன்னா 1 லிட்டர் காய்ச்சி ஆறவெச்ச தண்ணியில தலை தட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு முக்கியம், உப்பு கூடினா கெடுதல். யூரின் அடர் மஞ்சளாப் போனா தண்ணி பத்தலன்னு அர்த்தம். பிபி, இதயம், கிட்னி பிரச்சனைக்கு மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட முன்னாடியே அளவு கேட்டு வெச்சுக்கோங்க.

ஸ்டெப் 5: யாராச்சும் குழப்பமா பேசினா
இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க. ஒரு மே மாசம் மதியம் எங்க அத்தை கட்டில்ல உக்காந்துட்டு, செத்துப்போன மாமாவுக்குக் காபி கொடுத்தியான்னு என்கிட்ட கேட்டாங்க. தூக்கக் கலக்கம்னு நினைச்சேன், தொட்டா உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்குது, ஆனா வேர்வையும் இருந்துச்சு. வேர்வை நின்னாதான் ஹீட் ஸ்ட்ரோக்னு நம்பி உக்காந்திருக்காதீங்க, பேச்சு தடுமாறினாலே 108க்குப் போன் பண்ணுங்க. வண்டி வர்ற வரைக்கும் சும்மா நிக்கக் கூடாது. புடவையைத் தளர்த்தி, மக்குல தண்ணி மொண்டு மொண்டு உடம்பு முழுக்க ஊத்தினேன், கழுத்து, அக்குள், தொடை இடுக்குல ஈரத் துண்டு, ஃபேன் ஃபுல் ஸ்பீடு, துண்டு சூடாக சூடாக மாத்திக்கிட்டே இருந்தேன். நினைவு தெளிவா இல்லாதவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க, புரையேறிடும். காய்ச்சல் மாத்திரையும் இதுக்கு வேலை செய்யாது.

அத்தை பொழைச்சுக்கிட்டாங்க. இப்ப தினமும் 2 மணிக்குப் போன் பண்றேன். தண்ணி குடிச்சீங்களான்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க, அதனால காலையில என்ன சமைச்சீங்க, யாரு வந்தாங்கன்னு பேச்சு கொடுப்பேன். பதில் கோர்வையா வரலன்னா பக்கத்து வீட்டுக்கு அடுத்த போன், அப்படியே வண்டியை எடுத்துடுவேன்.